தகடு தேயாத பேட்டரி

கொல்லிமலைச் சந்தை ஊரான சோளக்காட்டில், பஸ் நிற்கும் இடத்தில் ஒரு ஜீப். பின்னாலிருந்து நான்கு பேர் அதைத் தள்ளுகிறார்கள்.

ஒருவர், மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்க வந்திருக்கும் பெண்ணின் அப்பா. அடுத்தவர், மிளகு வியாபாரி காஜா பாய். மூன்றாமவர் அன்னாசிப்பழம் வாங்க வந்த இடத்தில், யார் என்ன என்று கேட்காமலே தோள் கொடுத்த ஒரு புண்ணியவான். நான்காவது ஆள் நான். அரசுப் பள்ளித் தலைமையாசிரியர். இயற்பியலில் முதுகலை. அன்றைக்கென்று சலவை வேட்டி கட்டியிருந்தேன்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முகம் வெளிறி உட்கார்ந்திருப்பவன் சடையன். ஜீப்பின் சொந்தக்காரன், மாப்பிள்ளையும் அவன்தான். அவன் பக்கத்தில், முன்சீட்டை விட்டு இறங்க மறுத்துக் கம்பியைப் பிடித்திருப்பவர் வெள்ளையன், பெண்ணின் தாய்மாமன்.

"வண்டி வெச்சிருக்கற மாப்பிள்ளைன்னுதான சொன்னீங்க" என்றார் வெள்ளையன், யாரையும் பார்க்காமல். "தள்ளுற ஆளும் சேர்த்துத்தான்னு சொல்லலையே."

வண்டி ஏன் கிளம்பவில்லை என்பது அங்கிருந்தவர்களில் ஒருவருக்கு மட்டும் தெரியும். அவர் குனிந்து தள்ளிக்கொண்டிருந்ததால் அவருடைய முகத்தை யாரும் பார்க்கவில்லை.

போன வாரம் இந்தத் தொடரில், கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த கதையை எழுதியிருந்தேன். குளிரையும் அட்டைக்கடியையும் படித்துவிட்டுப் பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "எல்லாரும் உனக்குச் செய்ததையே எழுதுகிறாயே, நீ யாருக்கும் ஒன்றும் செய்யவில்லையா" என்று கேட்டார். செய்தேன். அதுதான் இந்த வாரம்.

பூட்டுள்ள ஒரே கதவு

அரசுப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் வரத் தொடங்கியிருந்த காலம் அது. எங்கள் பள்ளிக்கும் ஒன்று வந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் குலுங்கி, வைக்கோலுக்கு நடுவே லாரியில் வந்து இறங்கியது. கூடவே யுபிஎஸ் என்று ஒரு கறுப்புப் பெட்டி. கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரை அணையாமல் தாங்கும் பெட்டி அது.

பூட்டுள்ள அறையில் வைக்க வேண்டும் என்று உத்தரவு. எங்கள் பள்ளிக் கதவுகளில் சிலவற்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இருந்தவற்றுக்குப் பக்கத்து ஜன்னலில் கம்பி இல்லை. குரங்குகள் அந்த வழியாக உள்ளே வந்து, கரும்பலகை வரை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பும். சுற்றுவட்டாரத்தில் ஒழுங்காகப் பூட்டக்கூடிய கதவு தலைமையாசிரியர் குடியிருப்பில்தான் இருந்தது. அப்படித்தான் கம்ப்யூட்டர் என் வீட்டு முன்னறைக்கு வந்தது.

மதியத்தில் பிள்ளைகள் வரிசையாக வந்து, வாசலில் செருப்பை விட்டு, கை கட்டி நின்று அதைப் பார்ப்பார்கள். எனக்கும் அதில் அதிகம் தெரியாது. வந்து மாட்டிக் கொடுத்த பையன் போகிற அவசரத்தில் இரண்டு காரியம் சொல்லிக்கொடுத்தான். ஒன்று, எப்படி அணைப்பது. இன்னொன்று, அதற்குள்ளேயே இருந்த சீட்டாட்டம். ஒருவரே தனியாக ஆடுவது.

இங்கே ஒரு பழைய விஷயம் சொல்ல வேண்டும். மலைக்கு வந்த புதிதில், பள்ளிக் காவலாளியும் சமையல்காரரும் அடுப்படியில் சீட்டாடியதைப் பார்த்துவிட்டேன். சீட்டுக்கட்டைப் பிடுங்கி, சூதாட்டம் குடும்பத்தை எப்படி அழிக்கும் என்று நெடுநேரம் பேசினேன். இருவரும் தலையைக் குனிந்து கேட்டார்கள். அந்தக் கட்டு என் மேசை இழுப்பறையில் கிடந்தது. அதே மேசைமேல்தான் இப்போது கம்ப்யூட்டர்.

நான்கு ராஜாக்களையும் மேலே ஏற்றி ஆட்டத்தில் ஜெயித்தால் திரையில் சீட்டுகள் ஒவ்வொன்றாகத் துள்ளித் துள்ளி விழும் என்று அந்தப் பையன் சொல்லியிருந்தான். அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஐம்பதைத் தாண்டிய மனிதனுக்கு அப்படி ஓர் ஆசை வரலாமா என்று கேட்காதீர்கள். வந்தது.

மலையில் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். மரக்கிளை ஒன்று கம்பியில் உரசினால் ஊரே இருட்டு. யுபிஎஸ் உடனே கீச் கீச் என்று கத்தத் தொடங்கும். ஒழுங்காக அணைத்து வைக்க அவகாசம் கொடுக்கும், அவ்வளவுதான். நான்கு ராஜாக்களில் மூன்று பேர் ஏறி உட்கார்ந்த நேரத்தில், நாலாவது ராஜாவோடு திரை அணைந்துபோகும்.

மூடியைத் திறந்தேன்

எனக்கு எதையும் திறந்து பார்க்கும் புத்தி சின்ன வயதிலிருந்தே உண்டு. கல்லூரி நாட்களில், டார்ச் லைட் இன்னும் பளிச்சென்று எரியட்டும் என்று ஒரு பேட்டரிக் கட்டை அதிகமாகச் சேர்த்து ஒட்டவைத்தேன். பளிச்சென்றுதான் எரிந்தது, ஒரு கணம். அது அறைத்தோழனுடைய டார்ச். பல்பு தரமில்லை என்று அவனிடம் சொன்னேன். இப்போது நினைத்தால், பின்னால் நடந்ததெல்லாம் அந்த பல்பிலேயே தொடங்கிவிட்டது.

யுபிஎஸ் மூடியைத் திறந்தேன். உள்ளே செங்கல்லைவிடச் சிறிதாக ஒரு பேட்டரி. பன்னிரண்டு வோல்ட். ஜீப்பில் இருப்பதும் பன்னிரண்டு வோல்ட்தான். பெரிது, அவ்வளவுதான் வித்தியாசம். சின்னக் குடத்துக்குப் பதில் அண்டாவை வைத்தால் தண்ணீர் நெடுநேரம் வரும். சின்ன பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சிவப்பு, கறுப்பு ஒயர் இரண்டையும் நீட்டி, பெட்டியின் பக்கத்தில் ஓட்டை போட்டு வெளியே எடுத்தேன்.

இதில் இரண்டு சங்கடங்கள். இரண்டும் எனக்கு அப்போதே தெரியும்.

குடத்தை நிரப்பச் செய்த சார்ஜர் அது. அண்டாவை நிரப்பச் சொன்னால், கரண்டியால் ஊற்றுகிற கதைதான். இறைப்பது வேகமாக நடக்கும், நிரம்புவது மெதுவாக.

இன்னொன்று, கொஞ்ச நேரம் வேலை செய்யப் பிறந்த பெட்டி மணிக்கணக்கில் வேலை செய்தால் கொதித்துப்போகும். மூடியைத் திறந்தே வைத்தேன். இதில் ஒரு நன்மையும் விளைந்தது. மலைக் குளிரில் என் மனைவியின் இட்லி மாவு பொங்கவே பொங்காது. அவள் ஒரு நாள் பெட்டிமேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய் மாவுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அந்த வாரம் இட்லி பஞ்சாக இருந்தது. கல்யாணமாகி அவ்வளவு வருடத்தில், நான் படித்த படிப்பால் வீட்டுக்குக் கிடைத்த முதல் பிரயோஜனம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னாள்.

கீச் கீச் சத்தம் மட்டும் பாக்கி. அது கரண்ட் இல்லை என்பதைத் தெரு வரைக்கும் சொல்லும். கரண்ட் இல்லாத நேரத்தில் தலைமையாசிரியர் வீட்டில் மட்டும் என்ன நீல வெளிச்சம் என்று கேட்பார்கள். கத்துகிற அந்தச் சின்ன வில்லையை இடுக்கியால் பிடுங்கி எறிந்தேன்.

பேட்டரி தீரப்போவதைச் சொல்வதும் அதே வில்லைதான். அதையும் அறிந்தேதான் பிடுங்கினேன்.

மலையே பேட்டரி

ஜீப் பேட்டரிக்கு எங்கே போவது? மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு; அப்படி அரியூர் நாட்டில் சடையன் இருந்தான். மரவள்ளியும் மிளகும் விவசாயம்; சந்தை நாளில் ஜீப் ஓட்டுவான். முப்பது வயது நெருங்கியும் கல்யாணம் ஆகாதவன். பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வேலை இருக்கிறது, மார்க் எல்லாம் ஏற்ற வேண்டும் என்று சொல்லித்தான் கேட்டேன். மார்க் ஏற்றவும் செய்தேன், ஒரு நாள்.

மற்ற நாளில் அவனுக்கு வண்டியைக் கிளப்ப வேண்டாமா என்று நானே தயங்கினேன். அவன் சிரித்தான்.

"எங்க மலையில வண்டிய நெட்டுக்குத்தலா நிறுத்திச் சக்கரத்துக்குக் கல்லக் குடுப்பமுங்க. கல்ல எடுத்தா உருண்டு கிளம்பிரும். மலையேதானுங்க பேட்டரி."

உண்மைதான். அங்கே எந்த வண்டியைப் பார்த்தாலும் மூக்கு சரிவைப் பார்த்திருக்கும். சமதளத்தில் வண்டி நிறுத்துகிறவனை வெளியூர்க்காரன் என்று கண்டுகொள்வார்கள். டீசல் வண்டி, உருண்டு கிளம்பிவிட்டால் பேட்டரி வேண்டியது ஹாரனுக்கும் விளக்குக்கும்தான். அதுவும் சந்தைக்குப் போகையில்தான்.

அப்படி ஓர் ஏற்பாடானது. சந்தை நாள் காலையில் வந்து பேட்டரியை எடுத்துப்போவான். ஓட்டி முடித்து, மறுநாள் தோளில் சுமந்துகொண்டுவந்து வைப்பான். போன வருடம்தான் வாங்கிய பேட்டரி. அதற்கு ஈரத்துணியால் முகம் துடைத்துவிடுவான். மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவனுக்குப் பெருமை.

இன்னும் ஓர் ஆட்டம்

சடையனுக்கு மலையின் அந்தக் கோடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பா சாது. ஆனால் முடிவு அவர் கையில் இல்லை. வெள்ளையன் தன் அக்கா மகளைத் தன் மகனுக்கே எடுக்க நினைத்திருந்தார். வந்த இரண்டு மாப்பிள்ளைகளை ஏதோ குறை சொல்லி ஏற்கெனவே திருப்பி அனுப்பியவர். இதுவும் தட்டிப்போனால் இனி பெண் தேடப் போவதில்லை என்று சடையன் என்னிடம் சொல்லியிருந்தான்.

வீடு பார்க்க வருவதாகச் சொன்ன நாள் சந்தை நாள். என்னையும் கூப்பிட்டான். மாப்பிள்ளைக்காகப் பேசப் படித்தவர் ஒருவர் வேண்டும் என்றான்.

முதல் நாள் காற்றும் மழையும். நாள் முழுக்கக் கரண்ட் இல்லை என்பது எனக்குத் தெரியவே இல்லை. பெட்டி கத்தவில்லை, வெளியே பகல் வெளிச்சம், நான் ஆடிக்கொண்டிருந்தேன். ராத்திரி விளக்கு எரியாதபோதுதான் புரிந்தது; அண்டாதானே, தாங்கும் என்று இருந்துவிட்டேன். மனைவிக்கு முன்பே தெரிந்திருந்தது. ஏன் சொல்லவில்லை என்று பின்னால் கேட்டதற்கு, "சொல்லியிருந்தா எந்திரிச்சிருப்பீங்களா" என்றாள்.

காலையில் சடையன் வந்தான். எண்ணெய் தடவிச் சீவிய தலை, புதுச் சட்டை. திரையில் மூன்று ராஜாக்கள் ஏறியிருந்தார்கள்.

"மார்க் வேலையா சார்?"

"முக்கியமான இடத்தில் இருக்கிறேன். அரை மணி நேரம் கொடுப்பா."

சமையலறையிலிருந்து ஒரு பாத்திரம் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு கீழே வைக்கப்பட்டது.

ஆட்டத்தில் தோற்றேன். ஒயரைக் கழற்றிக் கொடுத்தேன். வெட்டவெளியில் காத்து நின்றதில் அவனுடைய புதுச் சட்டை தூறலில் நனைந்திருந்தது.

சோளக்காட்டுக்குப் போனதும் வழக்கம்போல் சரிவைப் பார்த்து வண்டியைத் திருப்பினான். இங்கேதான் என் அடுத்த கைங்கரியம். பெண் வீட்டார் முன்னால் கல்லை எடுத்து உருட்டிக் கிளப்புவது கௌரவமாக இருக்காது என்றேன். காஜா பாய் கடை வாசலில், சமதளத்தில் நிறுத்தச் சொன்னேன்.

"இங்கத்தான் பழக்கமுங்க சார்" என்று சரிவைக் காட்டித் தயங்கினான்.

"பேட்டரிதான் இருக்கிறதே. சாவியைத் திருப்பு, கிளம்பட்டும். பார்க்கட்டும் அவர்கள்."

பார்த்தார்கள். பஸ்ஸில் வந்து இறங்கி, ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, சாவி திருப்புவதைப் பார்த்தார்கள். எலி மரத்தைச் சுரண்டுவது போல ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை.

காஜா பாய் கல்லாவை விட்டு இறங்கி வந்தார். "சார் சொல்லி இங்க நிறுத்தின வண்டி, சாரே வந்து தள்ளட்டும்" என்று என் தோளைத் தட்டினார்.

வெள்ளையன் குரல்

தள்ளியதில் வண்டி கிளம்பிவிட்டது. ஆனால் ஹாரன் இல்லை. செத்த பேட்டரி, டைனமோவோ பழசு. பொத்தானை அமுக்கினால் யாரோ தொண்டையைச் செருமுவது போலிருந்தது. சோளக்காட்டிலிருந்து அரியூர் நாடு போகிற பாதையில் எதிரே வருவது தெரியாத வளைவுகள். ஹாரன் இல்லாமல் போவது கண்ணைக் கட்டிக்கொண்டு போவது மாதிரி.

முதல் வளைவுக்கு முன்னால் சடையன் வண்டியை நிறுத்தப் பார்த்தான். நிறுத்தினால் மறுபடி தள்ள வேண்டும். ஆகவே ஊர்ந்துகொண்டே கேட்டான்.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. வளைவுல கொஞ்சம் குரல் குடுங்க."

சம்பந்தம் அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

வெள்ளையனைப் பற்றி எனக்கு ஒன்று தெரியாது. அவருடைய ஊரில் இந்த மேட்டுக் காட்டிலிருந்து அந்த மேட்டுக் காட்டுக்கு ஆள் கூப்பிட வேண்டுமானால் அவரைத்தான் கூப்பிடச் சொல்வார்களாம். அவர் சடையனை ஒரு பார்வை பார்த்தார். தலையை வெளியே நீட்டினார். "ஓ... ஓய்" என்று ஒரு குரல். பள்ளத்தாக்கு அதைத் திருப்பிச் சொன்னது. மரத்தில் இருந்த குரங்குகள் கலைந்து ஓடின.

அடுத்த வளைவில் யாரும் கேட்காமலே கொடுத்தார். அதற்கடுத்ததில், எதிரே வந்த லாரி பதிலுக்கு ஹாரன் அடித்தது. அதோடு அவருக்குப் போட்டி ஆகிவிட்டது. லாரியைவிட நீட்டிக் கத்தினார். லாரிக்காரன் ஒதுங்கி நின்று, எட்டிப் பார்த்து, கும்பிட்டான். பின்சீட்டில் பெண்ணின் அப்பா என் காதருகே, "இந்தக் கொரலுக்குத்தானுங்க இத்தனை வருசமா நான் பேசறதில்ல" என்றார்.

சடையனின் வீடு போய்ச் சேர்ந்தபோது வெள்ளையன் ஜெயித்த முகத்தோடு இறங்கினார். மோர் வாங்கிக் குடித்தார். குறை சொல்ல வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது.

மறுபடி முயன்றார். கோழிக்குஞ்சு கத்துவது போல ஏதோ வந்தது. வீட்டுப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மிளகுக்கொடியைக் காட்டி, கூரையைக் காட்டி, கையாலேயே என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். எல்லாம் பாராட்டு மாதிரியே தெரிந்தது.

வேறு வழியில்லாமல் பெண்ணின் அப்பா பேசினார்.

ஒரே ஒரு கேள்வி

அவர் வீட்டைக் கேட்கவில்லை, காட்டைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நீங்க படிச்சவங்க. நெசத்தச் சொல்லுங்க. அந்த வண்டி ஏனுங்க கிளம்பல? வண்டிய வெச்சுப் பாத்துக்கத் தெரியாதவன், என் மகள எப்படிப் பாத்துக்குவான்?"

இப்போது சொல்லியிருக்கலாம். "ஐயா, நான் நேற்று முழுக்கச் சீட்டு ஆடினேன்" என்று ஒரே வரி. இருக்கிற எல்லோரும் சிரித்திருப்பார்கள். எனக்கு மானம் போயிருக்கும். அவனுக்கு ஒன்றும் போயிருக்காது. காவலாளியின் முகமும் சமையல்காரரின் முகமும் நினைவுக்கு வந்தன.

"பேட்டரி பழசு" என்றேன். "உள்ளே தகடு தேய்ந்துபோயிருக்கும். வண்டியில் குறை இல்லை."

இயற்பியல் வகுப்பில் பேசுகிற அதே குரல். நம்பும்படியாகத்தான் இருந்தது.

பெண்ணின் அப்பா சடையனைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியா கண்ணு? பழசா?"

போன வருடம் வாங்கி, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வைத்த பேட்டரி. இல்லை என்று அவன் சொன்னால், அவனுக்காகப் பேச வந்த பெரிய மனிதன் பொய்யன் ஆகிறான். பொய்யனைக் கூட்டிவந்த மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? ஆமாம் என்றால், அவனே பராமரிக்கத் தெரியாதவன். இரண்டுக்கும் நடுவில் அவனை நிறுத்திவைத்தவன் நான்.

அவன் என்னைப் பார்த்தான்.

"சார் சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றான். "புதுசு மாத்திப்புடறனுங்க."

"கல்யாணத்துக்கு முன்னால மாத்திரு" என்றார் அவர். அப்படிச் சொன்னதிலேயே சம்மதம் இருந்தது. வெள்ளையன் இரண்டு கையையும் ஆட்டிக் கடைசியாக ஏதோ கீச்சிட்டார். "மச்சானுக்கும் சம்மதம்தான்" என்று பெண்ணின் அப்பா வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டார்.

அந்தப் பருவத்து மிளகைக் கொடியில் இருக்கும்போதே காஜா பாயிடம் விற்றுத்தான் சடையன் புது பேட்டரி வாங்கினான். அதைக் காஜா பாய் என்னிடம் சொன்னார். நான் மழையைப் பற்றிப் பேசினேன்.

கல்யாணம் முடிந்த வாரம், சடையன் பழைய பேட்டரியைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"வண்டிக்குத்தான் ஆகாதுங்க சார். உங்க பெட்டிக்காவது ஆகட்டும். திருப்பித் தர வேண்டாமுங்க."

வழக்கமான இடத்தில், மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். என் மனைவி அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். அன்று முதல் மாவுப் பாத்திரத்தை அடுப்பங்கரைக்கே எடுத்துப் போய்விட்டாள். இட்லி பழையபடி கல்லானது.

நான்கு நாள் சார்ஜ் ஏறியதும் பேட்டரி புதுசு மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ மழை, எத்தனையோ கரண்ட் இல்லாத பகல்கள். ஒரு முறைகூட அது என்னைக் கைவிடவில்லை. ஒரு நாள் நாலாவது ராஜாவும் ஏறினார். சீட்டுகள் துள்ளித் துள்ளி விழுந்தன. கடைசிச் சீட்டு விழும் வரை உட்கார்ந்து பார்த்தேன். பிறகு இழுப்பறையிலிருந்த சீட்டுக்கட்டை எடுத்துப் போய்க் காவலாளியிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் பயந்துவிட்டார்.

இறக்கம்

மாற்றல் உத்தரவு வந்தது. சாமான்களை ஏற்றிக்கொண்டு எங்களைக் கீழே கொண்டுபோய் விட்டவன் சடையன்தான். அந்த பேட்டரியை விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை, அவனிடம் திருப்பிக் கொடுக்கவும் வாய் வரவில்லை. சாக்கில் சுற்றிப் பாத்திரங்களுக்கு நடுவே வைத்திருந்தேன்.

வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தான். புது பேட்டரி, நல்ல கணீர் சத்தம். வெள்ளையன் இப்போதெல்லாம் ஜீப்பில் ஏறினால் பின்சீட்டில்தான் உட்காருவார் என்று சொல்லிச் சிரித்தான். மனைவி மாசமாக இருக்கிறாள் என்றான். என் மனைவி அவனுக்கு என்னென்னவோ பத்தியம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவில் சாமான்கள் நகர்ந்தன. சாக்கு சரிந்து அவன் சீட்டுக்குப் பின்னால் வந்து இடித்தது. ஒரு கையால் தடவிப் பார்த்தான். பாத்திரம் இல்லை என்று கைக்குத் தெரிந்திருக்கும்.

"இதுங்களா?" என்றான், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல். "தகடு தேஞ்சதை எதுக்குங்க சார் அவ்வளவு தூரம் சொமந்துக்கிட்டுப் போறீங்க?"

என் மனைவி பத்தியத்தைப் பாதியில் நிறுத்தினாள். அவன் பதிலுக்காகக் காத்திருந்தான் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கோபமாக இல்லை. வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பையன் யோசிக்கட்டும் என்று விடுவோமே, அப்படி.

நான் வெளியே பார்த்தேன்.

அடுத்த வளைவு வந்தது. ஹாரனை நீளமாக அடித்தான். எதிரே வண்டி ஏதும் வரவில்லை.